குழாயில் வருவது எந்தத் தண்ணீர்? – வாசகர் கேள்வி, பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி குடிநீரைப் பற்றியவை. ஆகவே அந்தக் கேள்விகளுக்கே கூடுதல் இடம் ஒதுக்கி, மற்றவற்றுக்குச் சுருக்கமாகப் பதில் தருகிறோம். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக அமைத்திருக்கிறோம்.

*எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீரையும் போர் தண்ணீரையும் சேர்த்தே ஏற்றுகிறார்கள். என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் பலருக்குப் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை இருக்கிறது. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் போதும் என்று பெற்றோர்கள் நம்புகிறார்கள். இது சரியா?*
– ஓர் ஆசிரியை, பென்னாகரம் வட்டம்

சரியில்லை. இதைப் பெற்றோர்களிடம் நீங்கள் உடனே சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கேள்வியை முதலில் வைத்திருக்கிறோம். காய்ச்சுவதால் கிருமிகள் அழியும், அந்தப் பற்கறைக்குக் காரணமான, நீரில் கரைந்துள்ள ஃபுளோரைடு என்ற உப்பு அழியாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிஞ்சிய நீரில் ஃபுளோரைடின் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும். வயிற்றுப்போக்கு, காமாலை போன்ற நோய்களைத் தடுக்கக் காய்ச்சுவது நல்ல பழக்கம்தான், அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் பற்கறைக்கும் எலும்பு நோய்க்கும் அது மருந்தாகாது.

நம் மாவட்டங்களின் நிலத்தடியில் இருப்பவை பெரும்பாலும் கருங்கல்லும் அதைச் சார்ந்த கடினப் பாறைகளும். அவற்றில் இயற்கையாகவே ஃபுளோரைடு கொண்ட தாதுக்கள் உண்டு. பாறை இடுக்குகளில் நீண்ட காலம் தேங்கி நிற்கும் நீரில் அது மெல்லக் கரைந்து சேர்கிறது. முன்னோர் வெட்டிய திறந்த கிணறுகளில் மழைநீர் ஆண்டுதோறும் இறங்கிப் புதுப்பித்ததால் இந்தச் சிக்கல் குறைவாக இருந்தது. கிணறுகள் வற்றி, நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்குப் போர் போடத் தொடங்கிய பிறகு பாறையில் ஊறிய நீரையே நாம் குடிக்க நேர்ந்தது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவுகோலின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் அந்தத் தண்ணீர் குடிப்பதற்கு உரியதன்று.

பற்கறை எப்போது உண்டாகிறது என்பதைப் பெற்றோர்கள் புரிந்துகொள்வது முக்கியம். நிலைத்த பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அதாவது பிறந்தது முதல் ஏறக்குறைய 8 வயது வரை, உடலுக்குள் செல்லும் ஃபுளோரைடுதான் பல்லின் மேற்பூச்சைக் கெடுக்கிறது. முளைத்த பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. எனவே கறை பட்ட பிள்ளையைச் சரியாகப் பல் துலக்காத பிள்ளை என்று வகுப்பில் யாரும் கண்டிக்கக் கூடாது. அது அந்தக் குழந்தையின் குற்றமன்று, குடித்த தண்ணீரின் குற்றம். கறை தெரிவதாலேயே எலும்பு பாதிக்கப்பட்டுவிட்டது என்றும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அதே தண்ணீரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து குடிப்பவர்களுக்கு மூட்டுவலியும், முதுகும் கழுத்தும் விறைத்துப்போவதும், கடுமையான நிலையில் கால் எலும்பு வளைவதும் நேரக்கூடும். அப்படி முற்றிய பாதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருத்துவம் இல்லை. வராமல் தடுப்பது ஒன்றே வழி.

அந்தத் தடுப்புக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதன் முழுப் பெயரே ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுதியால் வரும் பல், எலும்பு நோய்) தணிப்புத் திட்டம் என்பதாகும். 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் எடுத்துக்கொள்ளப்பட்ட இத்திட்டம் 2013 மே மாதத்தில் மக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. இவ்வளவு செலவும் உழைப்பும் எதற்காக என்றால், பாறை நீரைக் குடிப்பதிலிருந்து இரண்டு மாவட்ட மக்களையும் விடுவிப்பதற்காக. அப்படிக் கொண்டுவந்த காவிரி ஆற்று நீரை ஊர் எல்லையில் மீண்டும் போர் நீருடன் கலப்பது திட்டத்தின் நோக்கத்தையே முறியடிப்பதாகும். ஒரு கணக்குப் பாருங்கள்: ஆற்று நீரில் 0.3 மில்லிகிராமும் போர் நீரில் 3 மில்லிகிராமும் ஃபுளோரைடு இருப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்த தொட்டியில் லிட்டருக்கு 1.65 மில்லிகிராம் இருக்கும். கலந்த பிறகும் வரம்பு மீறியே நிற்கிறது. போர் நீரின் பங்கு கூடும் கோடைக் காலத்தில் நிலைமை இன்னும் மோசமாகும்.

எனவே ஊரார் கேட்க வேண்டியது, குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஒகேனக்கல் தண்ணீரைத் தனித் தொட்டியிலோ, அது இயலாவிட்டால் தனி நேரத்திலோ விட வேண்டும் என்பதே. குளிக்கவும் துவைக்கவும் போர் தண்ணீர் போதும். வீட்டில் ஒரு குடம்தான் ஆற்று நீர் கிடைக்கிறது என்றால் அதைக் குடிப்பதற்கும் உலைக்கும் வையுங்கள். சமையலைச் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்க் களியும் சோறும் உலைநீரை முழுவதுமாக உறிஞ்சிக்கொள்பவை. அந்த நீரிலுள்ள ஃபுளோரைடும் உணவோடு உள்ளே போய்விடும். அதே வேளையில் கேழ்வரகு நமக்குத் துணையும் செய்கிறது. அதிலும் பாலிலும் கீரையிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து, குடலில் ஃபுளோரைடு உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. நெல்லிக்காய், கொய்யா போன்ற வைட்டமின் சி நிறைந்தவற்றையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். தேயிலையில் இயல்பாகவே ஃபுளோரைடு மிகுதி என்பதால் சிறு குழந்தைகளுக்குக் கடுந்தேநீர் வேண்டாம்.

*எங்கள் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதா என்று எங்கே சோதிப்பது? வீட்டுக்கு வந்த விற்பனையாளர் ஒருவர் பேனா போன்ற கருவியை நனைத்துக் காட்டி, உடனே ஆர்.ஓ. இயந்திரம் வாங்கச் சொல்கிறார்.*
– காரிமங்கலம், மத்தூர் வாசகர்கள்

அந்தப் பேனா காட்டுவது நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை மட்டுமே. அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்பதை அது சொல்லாது. எண் குறைவாகக் காட்டும் நீரில் ஃபுளோரைடு வரம்பு மீறியிருக்கலாம். எண் கூடுதலாக உள்ள நீரில் அது வரம்புக்குள்ளும் இருக்கலாம். அதைப் பார்த்துப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத் தலைநகரில் நீர்ப் பரிசோதனைக் கூடம் உண்டு. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து, எந்த ஊர், எந்த ஆதாரம், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் கண்ணாடிப் பாட்டில் கூடாது. கிராம வீடுகளுக்குக் குழாய் நீர் வழங்கும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிக்க வேண்டும் என்ற ஏற்பாடும் இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். அது பீரோவுக்குள் பூட்டி வைக்க வேண்டிய பொருளன்று.

ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடை நீக்கும் என்பது உண்மை. ஆனால் அதன் சவ்வை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பயன் குறைந்துகொண்டே போகும். சுத்திகரித்தபின் வெளியேறும் கழிவு நீரில் ஃபுளோரைடு செறிந்திருக்கும் என்பதால் அதை மாட்டுத் தொட்டியில் விடாதீர்கள். கால்நடைகளுக்கும் பல்லும் எலும்பும் கெடும். ஆற்று நீர் தனியாக வரும் வீட்டில் ஃபுளோரைடுக்காக இயந்திரம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கேன் தண்ணீர் வாங்குபவர்கள், மூடியிலோ உறையிலோ உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் நிரப்பிய தேதியும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

*எங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் பல நாள்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. ஊராட்சியில் கேட்டால் மேலிருந்து வரவில்லை என்கிறார்கள். வாரியத்தில் கேட்டால் நாங்கள் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். யாரிடம்தான் முறையிடுவது?*
– ஊத்தங்கரை, இராயக்கோட்டை, நல்லம்பள்ளி வாசகர்கள்

இந்தக் கேள்வியை ஏதேனும் ஒரு வடிவில் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும் கேட்கின்றன. இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே அலைவதில் மக்களுக்கு ஏற்படும் சலிப்பை நாங்கள் நன்கு உணர்கிறோம். அதற்கு முடிவு கட்ட, எந்தப் பணி யாருடையது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும்.

ஆற்றிலிருந்து நீரை எடுப்பது, சுத்திகரிப்பது, மேட்டுக்கு ஏற்றுவது, பெருங்குழாய்கள் வழியாக ஊரின் தரைமட்டத் தொட்டிக்கோ மேல்நிலைத் தொட்டிக்கோ கொண்டுவந்து சேர்ப்பது ஆகியவை குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை. அந்தத் தொட்டியிலிருந்து தெருக்குழாய்க்கும் வீட்டு இணைப்புக்கும் பகிர்ந்தளிப்பது, வால்வு திறப்பது, தொட்டி கழுவுவது, குளோரின் கலப்பது ஆகியவை ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என அந்தந்த உள்ளாட்சியின் வேலை. ஆகவே முதலில் அறிய வேண்டியது ஒன்றுதான்: நேற்று உங்கள் ஊர்த் தொட்டிக்கு எவ்வளவு தண்ணீர் வந்தது? வாரியம் ஊருக்கு அளிக்கும் நீரை அளந்தே கொடுக்க வேண்டும். அந்த அளவைக் கேட்டுப் பெறுங்கள். தொட்டிக்கே வரவில்லையென்றால் வாரியத்தின் மீது முறையிடுங்கள். தொட்டிக்கு வந்தும் தெருவுக்கு வரவில்லையென்றால் ஊராட்சி பதில் சொல்ல வேண்டும்.

வாரியத்தின் பக்கமும் சில உண்மையான இடர்கள் உள்ளன என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். காவிரி நம் மாவட்டத்தின் தாழ்வான ஓரத்தில் ஓடுகிறது; நாம் வாழ்வதோ மேட்டு நிலத்தில். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கு வரை ஒவ்வொரு சொட்டையும் மின்மோட்டார்களே தூக்கிச் செல்கின்றன. நீரேற்று நிலையத்தில் மின்தடை சில மணி நேரம் நீடித்தாலும் குழாயின் கடைசியில் இருக்கும் ஊர்களுக்கு அந்தச் சுற்று தப்பிவிடும். ஆற்றில் வெள்ளம் வந்து நீர் கலங்கும்போது சுத்திகரிப்பும் மெதுவாகும். திட்டத்தைத் தீட்டிய காலத்துக்குப் பிறகு ஓசூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் பெருகிய வேகம் எவரும் எதிர்பார்க்காதது. இதை உணர்ந்தே இத்திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை அரசு அறிவித்திருக்கிறது. ஆனால் இந்த இடர்கள் எவையும், முறையற்ற இணைப்புகளுக்கும், பெருங்குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதற்கும், உடைந்து மாதக்கணக்கில் ஒழுகும் வால்வுகளுக்கும் விளக்கமாகா. அவற்றைத் தடுப்பது முழுக்க முழுக்க மனிதர் கையில் இருக்கிறது. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் ஏறாததற்கு, பள்ளத் தெருவில் மோட்டார் வைத்து இழுப்பதே பல ஊர்களில் காரணம். அதைச் செய்பவர் நம் உறவினராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பதால்தான் புகார் எழுதப்படாமலேயே போகிறது.

முறையீட்டை எப்போதும் எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்கு எந்தப் பதிவும் இல்லை. முதலமைச்சரின் உதவி மைய எண் 1100-இல் பதிந்தால் மனு எண் கிடைக்கும். திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்து, கடந்த மூன்று மாதங்களில் உங்கள் ஊர்த் தொட்டிக்கு நாள்தோறும் வழங்கப்பட்ட நீரின் அளவைக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். அந்த ஒரு தாள் கையில் இருந்தால் இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கைகாட்ட முடியாது. கிராம வீடுகளுக்கு நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. உங்கள் ஊர் மக்கள்தொகையால் பெருக்கி, வந்த அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

*கிராம சபைக்குப் போனால் ஏற்கெனவே எழுதி வைத்த தீர்மானங்களைப் படித்துக் கையெழுத்து வாங்குகிறார்கள். நாங்கள் சொல்வது நோட்டில் ஏறுவதில்லை. இப்போது தலைவரும் இல்லை, தனி அலுவலர்தான். போய் என்ன பயன்?*
– ஒரு மகளிர் குழு உறுப்பினர், மொரப்பூர் ஒன்றியம்

போக வேண்டும். குறிப்பாக இப்போது போக வேண்டும். நம் இரு மாவட்டங்களிலும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் சென்றது. தேர்ந்தெடுத்த தலைவர் இருக்கும்போது வீதியில் நிறுத்திக் கேட்கலாம். அவர் இல்லாதபோது ஊரார் ஒன்றுகூடிப் பேசச் சட்டம் தரும் ஒரே இடம் கிராம சபைதான். பதவிக்காலம் முடிவது தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் மட்டுமே. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். அந்த உறுப்புரிமைக்கு முடிவு தேதி கிடையாது.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதை நினைவில் வையுங்கள். குடிநீரைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான கூட்டம் இல்லை. கூட்டம் பற்றி ஏழு நாள்களுக்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேற்பட்ட ஊராட்சியில் 300 பேரும் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு நடத்திவிட்டு, பிறகு வீடு வீடாக நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்குவது முறையன்று. உங்கள் வீட்டுக்கு நோட்டு வந்தால் கையெழுத்திட மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

மகளிர் குழுவில் இருக்கும் உங்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வலிமை இருக்கிறது. குழுக் கூட்டத்தை நடத்தித் தீர்மானம் எழுதிப் பழகியவர் நீங்கள். அதே பழக்கத்தை இங்கே கொண்டுவாருங்கள். கூட்ட நாளுக்கு முன்பே உங்கள் கோரிக்கையை ஒரு பக்கத்துக்குள் தீர்மான வடிவிலேயே எழுதுங்கள். ‘நம் ஊரின் மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் குடிநீருடன் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலப்பதை நிறுத்தி, குடிநீரைத் தனி நேரத்தில் வழங்க இச்சபை கோருகிறது’ என்பது போல ஒரே பொருளும் ஒரே கோரிக்கையும் இருக்கட்டும். நான்கு பொருள்களை ஒரே தாளில் சேர்த்தால் நான்கும் கரைந்துபோகும். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றைக் கூட்டத் தலைமையிடம் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். தீர்மானப் புத்தகத்தில் கடைசித் தீர்மானத்தின் கீழே இடம் விடாமல் கோடிட்டு முடித்த பிறகு கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் ஒருபோதும் கையெழுத்திட வேண்டாம். தீர்மான நகலைக் கேட்டு வாங்கி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். முந்தைய கேள்வியில் சொன்ன நீர் அளவுத் தாளும் பரிசோதனை முடிவும் அதோடு சேர்ந்தால், ஊரின் குரலுக்குச் சான்றும் கூடவே நிற்கும்.

கூட்டத்தில் முதல் முறை பேசும்போது குரல் நடுங்கும். ஆண்கள் சிலர் நடுவில் குறுக்கிடவும் செய்வார்கள். அதனால் தனியாகப் போகாமல் குழுவாகப் போய், ஒருவர் படிக்க மற்றவர்கள் ஆதரிப்பதாகச் சொல்லுங்கள். தண்ணீர்க் குடத்தின் எடையைத் தலையிலும் இடுப்பிலும் அறிந்தவர்கள் பெண்கள். இந்தப் பொருளில் முதலில் பேச வேண்டியவர்களும் அவர்களே என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

*சொத்து வரியை முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி உண்டாமே?*
– தருமபுரி நகர வாசகர்

உண்டு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்கும் ஒவ்வோர் அரையாண்டின் முதல் 30 நாள்களுக்குள் கட்டினால் அந்த அரையாண்டு வரியில் 5 விழுக்காடு, அதிகபட்சமாக 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகையாகக் கழியும்.

*என் அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் உண்டு. மூட்டுவலியால் பேருந்து ஏற முடியவில்லை. மாதந்தோறும் மாத்திரைக்காகக் கிருஷ்ணகிரி வரை அழைத்துப்போவது பெரும்பாடாக இருக்கிறது.*
– சூளகிரி பகுதி வாசகர்

அம்மாவை அழைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டதே உங்கள் சூளகிரியை அடுத்த சாமனப்பள்ளியில்தான். இதன்படி சர்க்கரை, இரத்தக்கொதிப்பு மாத்திரைகளைச் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். நடக்க இயலாதவர்களுக்கு இயன்முறை மருத்துவமும், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே கிடைக்கும். உங்கள் ஊரின் துணை சுகாதார நிலையத்துக்குச் சென்று, அம்மாவின் ஆதார் அட்டையையும் பழைய மருந்துச் சீட்டையும் காட்டிப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த பிறகு தன்னார்வலரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். முதல் முறை மருத்துவர் பரிசோதித்து மருந்தின் அளவை உறுதி செய்ய வேண்டியிருக்கும். மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்பதற்காக இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மூட்டுவலியைப் பற்றிச் சொல்லும்போது வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். முதுமை என்று ஒதுக்கிவிடும் வலிகளில் சிலவற்றுக்கு நம் மாவட்டங்களில் அதுவும் காரணமாக இருக்கலாம்.

*கேழ்வரகு அறுக்கும் நேரத்தில் யானைகள் இறங்கிவிட்டன. இழப்பீட்டுக்கு என்ன செய்ய வேண்டும்? பக்கத்துத் தோட்டத்தில் கம்பியில் கரண்ட் கொடுத்து வேலி போட்டிருக்கிறார்கள், நாங்களும் போடலாமா?*
– தேன்கனிக்கோட்டை வட்ட விவசாயி

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறோம்: கூடவே கூடாது. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே அப்படி வைத்த மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் உயிரிழந்தன. தாயைப் பிரிய மனமின்றி இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றி வந்ததை இந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க முடியாது. வேலி வைத்தவர் சிறைக்குப் போனார். அதே கம்பி இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரையும், மேய்ச்சலுக்குத் தவறிப்போகும் மாட்டையும் அதே வேகத்தில் கொல்லும். பக்கத்துத் தோட்டக்காரரிடம் நல்ல வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் வனத்துறைக்கோ மின்வாரியத்துக்கோ தெரிவியுங்கள். அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுப்பதாக நினைக்க வேண்டாம். அவருடைய பிள்ளையின் உயிரும் அதில் அடக்கம். சூரிய மின்வேலி வேறு வகை. அதில் மின்சாரம் விட்டுவிட்டுக் குறுகிய துடிப்பாகச் செல்வதால் அதிர்ச்சி தருமே தவிர உயிரைப் பறிக்காது. ஆனால் காட்டையொட்டிய நிலங்களில் அதை வைக்கவும் 2023-இல் வந்த விதிகளின்படி வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும்.

இழப்பீட்டைப் பொறுத்தவரை காலம் முக்கியம். சேதம் நடந்த காலையிலேயே, மிதிபட்ட பயிரை ஒதுக்குவதற்கு முன்பே, நிலம் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் எழுத்துமூலம் தெரிவியுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்கள் தேவைப்படும். அடங்கலில் கேழ்வரகு பயிரிட்டதாகப் பதிவாகியிருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிராம நிர்வாக அலுவலர் பருவத்துக்குப் பருவம் பயிரைப் பதியும்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். ‘தரிசு’ என்று எழுதப்பட்ட நிலத்துக்குப் பயிர்ச்சேதம் கிடைப்பது கடினம். குத்தகைக்கு உழுபவர்கள் நில உடைமையாளரின் ஒப்புதல் கடிதத்தை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

யானைகள் ஆண்டுதோறும் பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக இறங்கி வருவது நம் ஊர்கள் தோன்றுவதற்கு முன்பிருந்தே நடக்கும் பயணம். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-லும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022-லும் அறிவிக்கப்பட்டதற்கு இந்தப் பாதைகளே முக்கியக் காரணம். அவை வரும் மாதங்களை நாம் அறிவோம் என்பதால், அறுவடைக்கு முன்பே இரவுக் காவலையும் வனத்துறையின் விரட்டும் குழுவையும் கேட்டு ஊரே சேர்ந்து மனுக் கொடுக்கலாம். தனி ஒருவரின் மனுவைவிட ஊர் மனுவுக்கு விரைவாகப் பதில் வரும்.

*ஆடிப்பெருக்குக்குச் சேலத்திலிருந்து உறவினர்கள் ஒகேனக்கல் வருகிறார்கள். கடைசி நேரத்தில் குளிக்கத் தடை என்கிறார்களே, முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?*
– பாப்பாரப்பட்டி வாசகி

கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளிலிருந்து திறக்கும் நீர், தமிழக எல்லையான பிலிகுண்டுலு வழியாகத்தான் ஒகேனக்கலுக்கு வருகிறது. பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் நீர்வரத்தை அளக்கிறது. அந்த அளவு நாள்தோறும் செய்தித்தாள்களில் வருகிறது. ஆடி மாதம் தென்மேற்குப் பருவமழைக் காலம் என்பதால் அந்த அணைகள் நிரம்பும் தறுவாயில் இருந்தால், இங்கே நீர் ஏறுவதற்குள் பரிசலுக்கும் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். எனவே புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே நீர்வரத்துச் செய்தியைப் பாருங்கள். தடை நீங்கியிருந்தாலும் குறித்த இடத்தில் மட்டுமே இறங்க வேண்டும். பரிசலில் உயிர்காப்புச் சட்டை அணியாமல் குழந்தைகளை ஏற்றாதீர்கள்; பாறைகளுக்கு நடுவே சுழலும் நீரில் நீச்சல் தெரிந்தவரும் தப்புவது அரிது.

உறவினர்களிடம் இன்னொன்றையும் சொல்லி அழைத்து வாருங்கள். பெருக்கு நாளில் குளித்து எழுந்து பழைய துணியை ஆற்றில் விடுவதும், எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு ஷாம்பு உறைகளைப் பாறை இடுக்கில் செருகிவிட்டுப் போவதும் வழக்கமாகிவிட்டன. இந்த ஆற்றிலிருந்துதான் இரண்டு மாவட்டங்கள் குடிக்க நீர் எடுக்கின்றன. மிஞ்சிய நீர் மேட்டூரில் தேங்கி, உங்கள் உறவினர்களின் சேலத்துக்கே குடிநீராகப் போகிறது. கழற்றிய துணியையும் உறைகளையும் ஒரு பையில் கட்டிக் கரையிலுள்ள குப்பைத் தொட்டியில் சேர்த்துவிட்டு வரலாம். புதுத் தாலிக் கயிறு கட்டிக்கொள்ளும் பெண்கள் பழைய கயிற்றை ஆற்றில் விட விரும்பினால், அது நைலான் கலக்காத பருத்தி நூலாக இருக்கட்டும்.